வாசலில் நிற்கும் தலைமுறைகள்

பள்ளிப் படிப்பு முடிந்த நாளுக்கும் முதல் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. சிலருக்கு அது சில வாரங்கள். பலருக்குச் சில ஆண்டுகள். அந்தக் காலத்துக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் இல்லை. 'பையன் சும்மாதான் இருக்கிறான்' என்று வீட்டார் சொல்வார்கள். அந்தச் 'சும்மா'வுக்குள் எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை பேருந்துப் பயணங்கள், எத்தனை வாசற்படிகள் அடங்கியிருக்கின்றன என்பது சும்மா இருப்பவனுக்கு மட்டுமே தெரியும். காதலையும் திருமணத்தையும் சாவையும் சலிக்காமல் எழுதிவரும் நம் படைப்பாளிகள் இந்த இடைக்காலத்தை எவ்வாறு எழுதியிருக்கிறார்கள், திரையில் எவ்வாறு காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று தலைமுறைகளை எடுத்துக்கொள்வோம். முதல் தலைமுறை வேலைக்காக ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து நின்றது. இரண்டாம் தலைமுறை ஒரு காகிதத்தை நம்பி நின்றது. மூன்றாம் தலைமுறை ஒரு தேர்வின் முன்னும் ஒரு திரையின் முன்னும் நிற்கிறது. வேலைகளின் எண்ணிக்கை கூடியதும் குறைந்ததும் பொருளியல் அறிஞர்களின் ஆய்வுக்கு உரியவை. இலக்கிய வாசகன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வேலை கிடைக்காதபோது அந்தப் பழி யார் தலையில் விழுந்தது? இக்கேள்வியோடு படைப்புகளை அணுகினால், தலைமுறைகளுக்கு இடையே நிகழ்ந்திருக்கும் உண்மையான மாற்றம் புலப்படும் என்பது என் கருத்து.

முகம் பார்த்து நின்ற காலம்

வேலை தேடுவது என்பதே ஒரு வகையில் புதிய வழக்கம். நம் சமூகத்தில் மிகப் பலருக்கு வேலை பிறப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது; அதைத் தேட வேண்டியதில்லை, உதறத்தான் முடியாது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் வரும் ஆரோக்கியத்தின் வாழ்க்கை இதற்குச் சான்று. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம் அவளுடையது, கிறிஸ்தவக் குடும்பமும்கூட. ஊர்ச்சோறும் களத்தில் அளக்கப்படும் தானியமுமே கூலி. அளப்பவர் கை தாராளமானால் வயிறு நிறையும். கை சுருங்கினால் மன்றாட வேண்டும். ஆரோக்கியத்துக்கு விண்ணப்பம் இல்லை, நேர்காணல் இல்லை, நியமன உத்தரவு இல்லை, ஓய்வும் இல்லை. காலம் மாற மாற அந்த வேலைக்கான கூலியும் மதிப்பும் கரைந்துபோகின்றன. பழையது கையை விட்டுப் போகிறது. புதியது கைக்கு வரவில்லை. இந்த நடுவெளியில் நின்று அவள் புலம்பும் புலம்பல்தான் நாவலின் உயிர். பழைய காலத்தில் எல்லாருக்கும் வேலை இருந்தது என்று ஏக்கத்தோடு பேசுவோர் ஒருமுறையேனும் இந்நாவலைப் படிக்க வேண்டும். வேலை இருந்தது உண்மை. அதை விட்டு வெளியேறும் உரிமை இல்லை என்பதும் உண்மை.

இந்தப் பிடியிலிருந்து விடுபட்டு நகரத்துக்கு வந்தவன் அங்கே சந்தித்தது மனித முகங்களை. அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' என்னும் சிறுகதை அந்தச் சந்திப்பை ஒரு நண்பகல் நேரத்துக்குள் அடக்கிக் காட்டுகிறது. படத் தயாரிப்பு நின்றுபோய், உள்ளே இருப்பவர்களே வேலையின்றி அமர்ந்திருக்கும் ஒரு திரைப்பட நிறுவனத்துக்கு, வேலை கேட்டு ஒருவன் வருகிறான். அவனிடம் சான்றிதழ் இல்லை. புலியாட்டம் மட்டுமே தெரியும். அந்த அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறான். பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறார்கள். பின்னர் வாய்ப்பு வரும்போது அவன் முகவரிக்கு அனுப்பிய கடிதம் ஆளில்லாமல் திரும்பி வந்துவிடுகிறது.

அசோகமித்திரன் இக்கதையில் யாரையும் கெட்டவராகக் காட்டவில்லை. கேட்பவனுக்குத் திறமை இருக்கிறது. கொடுப்பவருக்கு மனம் இருக்கிறது. இருந்தும் வேலை கைகூடவில்லை. முகம் பார்த்து வேலை கேட்ட காலத்தின் இரு பக்கங்களையும் இக்கதை காட்டிவிடுகிறது. அங்கே அவமானம் இருந்தது. ஒருவர் காலைத் தொடவும் நேர்ந்தது. ஆனால் மறுப்பதாயினும் ஒரு மனிதர் மற்றொரு மனிதரின் கண்ணைப் பார்த்து மறுத்தார். பார்த்தவர் நெஞ்சில் அது முள்ளாய்த் தங்கவும் கூடும். ஊர்ப் பெரியவரின் சிபாரிசு, உறவினரின் வாய்மொழி, பங்குச் சாமியார் எழுதித் தரும் நன்னடத்தைக் கடிதம் ஆகியவை அக்காலத்துச் சாவிகள். அவை சிலருக்குக் கதவைத் திறந்தன. சாவி கொடுப்பவரை அறியாத மற்றவர்களுக்கு அதே கதவை இறுகப் பூட்டின.

காகிதத்தை நம்பிய காலம்

இந்தச் சாவிகளுக்கு மாற்றாகவே காகிதம் வந்தது. போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-இல் தொடங்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள், 1948-இல் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களை அவ்வலுவலகங்களுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று 1959-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அறிவிக்க வேண்டும் என்றதே தவிர, அங்கே பதிந்தவர்களையே எடுக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. ஆயினும் அரசுப் பணிகள் பலவற்றுக்குப் பதிவு மூப்பே வழியாக இருந்த காலம் நீண்டது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கைக்கு வந்ததும் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, பெயரைப் பதிந்து, பதிவு அட்டையோடு வீடு திரும்புவது தமிழ் இளைஞனின் வாழ்வில் ஒரு சடங்காகவே ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் மூப்பு போய்விடும். பெட்டியில் நிலப் பத்திரத்தோடு அதையும் பூட்டி வைத்த பெற்றோர் உண்டு.

அந்த அட்டை ஒரு வாக்குறுதி. யாருடைய மகன், எந்தத் தெரு என்று கேட்காமல், எப்போது பதிந்தாய் என்று மட்டும் கேட்கும் ஓர் ஏற்பாடு, அதுவரை எவர் முகத்தையும் பார்த்து நிற்க முடியாதவர்களுக்குப் பெரிய விடுதலை. 'அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்' என்ற பழமொழிக்குள் பாதுகாப்பு மட்டுமா இருக்கிறது? மதிப்பும் அடங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூப்பிட்ட குரலுக்கு ஓடியவன், நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திடும் மதிப்பு அது.

ஆனால் வரிசை நீண்டது, நாற்காலிகள் நீளவில்லை. இந்த ஏமாற்றத்தைத் தமிழ் நாவலில் அழுத்தமாகப் பதிந்தவர் நாஞ்சில்நாடன். அவருடைய முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' (1977), படித்தும் வேலையற்ற சிவதாணு வசதியான வீட்டுப் பெண்ணை மணந்துகொள்வதைச் சொல்கிறது. வேலை தராத பட்டம் திருமணச் சந்தையில் விலைபோகிறது. மாமனார் வீட்டுச் செல்வத்தின் நிழலில் அவன் தன்மானம் நாளும் தேய்கிறது. 'மிதவை' (1986) நாவலின் சண்முகமோ பட்டத்தைச் சுமந்துகொண்டு நாஞ்சில் நாட்டிலிருந்து சென்னைக்கும், பின்னர் பம்பாய்க்கும் போகிறான். தலைப்பே நாவலின் சாரம். மிதவை மூழ்குவதும் இல்லை. கரை சேர்வதும் இல்லை. நாஞ்சில்நாடனே வேலையின் பொருட்டுப் பம்பாய் சென்று வாழ்ந்தவர் என்பதால், உறவினர் வீட்டு மூலையில் பாயை விரித்துப் படுப்பவனின் கூச்சம் அவர் எழுத்தில் கற்பனையாகத் தோன்றுவதில்லை.

இவ்விரு நாவல்களிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிவதாணுவும் சண்முகமும் தம்மைத் தாமே குறைவாக எண்ணி நோகிறார்கள். ஆனால் தமக்குத் தகுதியில்லை என்று ஒருபோதும் நம்புவதில்லை. நாடு தமக்குத் தரவேண்டியதைத் தரவில்லை என்ற எண்ணம் அவர்கள் கோபத்துக்கு அடியில் தெளிவாக இருக்கிறது. வறுமை அவர்களுடையது, பழி அவர்களுடையது அன்று.

ஒரு தீபாவளியும் இரு படங்களும்

இந்த எண்ணம் அக்காலத்தின் பொது எண்ணமாகவே இருந்தது என்பதற்கு 1980-ஆம் ஆண்டுத் தீபாவளி சாட்சி. அன்று வெளிவந்த படங்களில் இரண்டு வேலையற்ற பட்டதாரியைப் பற்றியவை: கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', பாரதிராஜாவின் 'நிழல்கள்'. பண்டிகை நாளில் புத்தாடை உடுத்திக்கொண்டு வரும் கூட்டத்துக்கு முன் பசித்த வயிற்றைக் காட்டத் துணிந்தனர் இருவரும். வேலையின்மை பேசக் கூசும் வீட்டு இரகசியமாக இல்லாமல், பொது அரங்கில் உரத்துப் பேசக்கூடிய பொதுத் துன்பமாக இருந்ததால்தான் அது இயன்றது.

'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் ரங்கன் தத்துவம் படித்தவன், இசைவாணரின் மகன், தில்லியில் வேலை தேடி அலைபவன். நேர்காணல்களில் அவன் காட்டும் சினம் திரையரங்குகளில் கைதட்டலாக எதிரொலித்தது. இறுதியில் அவன் முடிதிருத்தும் கடையில் கத்தியைக் கையில் எடுக்கிறான். அந்தக் கோலத்திலேயே தந்தையின் கண்ணில் படுகிறான். எந்தத் தொழிலும் இழிவன்று என்பது படத்தின் முடிபு. நல்ல முடிபுதான். ஆனால் 'கோவேறு கழுதைகள்' நாவலை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு நெருடல் தோன்றும். ரங்கன் கத்தியை எடுப்பது துணிவாகவும் தியாகமாகவும் தெரிகிறது. ஏனெனில் அவன் அதை எடுக்காமலும் இருந்திருக்கலாம். அதே கத்தியோடு பிறந்தவனின் உழைப்பை நாம் என்றேனும் கைதட்டி வரவேற்றிருக்கிறோமா? உழைப்பின் மேன்மையைப் போற்றும் படமே, அத்தொழில் ஒரு பட்டதாரியின் வீழ்ச்சியின் எல்லை என்ற பார்வையாளரின் முன்முடிவையும் நம்பித்தான் உச்சக் காட்சியை அமைத்திருக்கிறது.

'நிழல்கள்' இத்தகைய ஆறுதலைத் தரவில்லை. வேலையில்லாப் பட்டதாரியும் வாய்ப்பில்லாத இசைக் கலைஞனும் சேர்ந்து சரிகிறார்கள். படம் வெற்றி பெறவில்லை. மக்கள் துன்பத்தைப் பார்க்க வந்தார்கள். துன்பத்துக்கு முடிவில்லை என்பதைப் பார்க்க விரும்பவில்லை போலும்.

இப்படங்களிலும் நாவல்களிலும் வேலை தேடுபவன் ஆண் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழியின் பிடி அவ்வளவு வலியது. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) வேலைக்குப் போகும் கவிதாவின் கதை. குடும்பத்தையே அவள் சம்பளம் தாங்குகிறது. ஆனால் அந்த வேலையை அவள் எப்படித் தேடினாள், எத்தனை வாசல்களில் நின்றாள் என்பது படத்தின் அக்கறை அன்று. ஆணுக்கு வேலையின்மை சோகம். பெண்ணுக்கு வேலையே சோகம் என்று அக்காலப் படைப்புகள் நினைத்தன.

கருக்கு கேட்கும் கேள்வி

வேலை தேடும் பெண்ணின் குரல் தமிழில் தனக்கே உரிய மொழியில் ஒலித்தது பாமாவின் 'கருக்கு' (1992) நூலில். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த சிறுமிக்கு, நன்றாகப் படித்தால் இழிவுகளை உதறி எறியலாம் என்று அண்ணன் சொல்கிறார். அந்தச் சொல்லை நம்பி அவள் படிக்கிறாள், முதலிடம் பெறுகிறாள், ஆசிரியை ஆகிறாள். பின்பு எளியவர்களுக்கு உழைக்கும் ஆவலோடு துறவு மடத்தில் சேர்கிறாள். அங்கு எளியவர்களுக்கும் தனக்கும் இடையே எழும்பிய சுவரைக் கண்டு சில ஆண்டுகளுக்குப் பின் வெளியேறுகிறாள். வெளியேறியவள் மீண்டும் வேலை தேடுபவளாக, முன்பு இருந்த வேலையும் இன்றி, தனியே உலகின் முன் நிற்கிறாள்.

மடத்தைப் பற்றிய விமர்சனமாகவே இந்நூலைப் பலரும் படித்தனர். வேலை பற்றிய நூலாகவும் இதைப் படிக்க வேண்டும். காகிதம் எல்லாருக்கும் சமமானது என்ற நம்பிக்கையைக் 'கருக்கு' சோதிக்கிறது. பட்டம் ஒன்றே, மதிப்பெண் குறைவில்லை, பயிற்சியும் உண்டு. இருந்தும் பள்ளி வாசலில் நிற்பவள் யார் என்ற கேள்வி அந்தக் காகிதத்தைத் தாண்டி எழுகிறது. தனியார் நிர்வாகப் பள்ளிகளில், அவற்றை நடத்துவது எந்தச் சமூகமாயினும் எந்தச் சபையாயினும், நியமனத்தின்போது பழைய முகம் பார்க்கும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. சிபாரிசின் காலம் முடிந்து சான்றிதழின் காலம் பிறந்தது என்று நாம் எளிதாகப் பிரித்துவிட முடியாது. சான்றிதழுக்கு அடியில் சிபாரிசு உயிரோடு இருந்தது. பனை மட்டையின் கருக்கு இருபுறமும் அறுப்பதுபோல, படிப்பும் அவளுக்கு இருபுறமும் அறுக்கும் ஒன்றாகிறது: ஊரின் பழைய வாழ்வுக்கு அவள் திரும்ப முடியாது, புதிய வாழ்வு அவளை முழுதாக ஏற்கவில்லை. திருச்சபை இதழ்களில் எழுதுவோரும் படிப்போரும் இக்கேள்வியைக் கடந்து போவது நேர்மையாகாது.

தேர்வின் காலம்

1990-களிலிருந்து காட்சி மாறியது. அரசுப் பணிக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்தாமல், நாளிதழ் விளம்பரம் முதலியவற்றின் வழியாகவும் விண்ணப்பங்களைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. வாய்ப்பைப் பலருக்கும் விரிவாக்கிய நியாயமான தீர்ப்பு. வரிசையில் பல்லாண்டு நின்றவருக்கோ காலடி மண் சரிந்த உணர்வு. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை விதித்தது. 2006-இல்தான் அது விலகியது. இடையில், 2000-இல் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஒரு கதவு மூடியிருந்த ஆண்டுகளிலேயே மற்றொரு கதவு, வேறு மொழி பேசுவோருக்காக, அகலத் திறந்தது.

ராமின் 'கற்றது தமிழ்' (2007) இந்தச் சூழலில் பிறந்த படம். முதுகலைத் தமிழ் படித்த பிரபாகர் சொற்பச் சம்பளத்துக்குப் பள்ளி ஆசிரியனாக இருக்கிறான். கணினித் துறையினரின் ஊதியத்துக்கும் தன் ஊதியத்துக்கும் இடையிலான பள்ளம் அவன் அறிவைக் குலைக்கிறது. ரங்கனின் கோபத்துக்கும் பிரபாகரின் கோபத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். ரங்கனின் சினம் நேர்காணல் நடத்தும் நாற்காலிகளை நோக்கிப் பாய்ந்தது. பிரபாகரின் சினம் தன் வயதொத்தவர்கள் மீதே பாய்கிறது. படத்தின் குறையும் உண்மையும் அதுவே. குறை என்னவென்றால், கணினித் துறை இளைஞனும் கூலிக்கு உழைப்பவனே, நாளை வெளியே அனுப்பப்படக் கூடியவனே என்பதைப் படம் எண்ணிப் பார்க்கவில்லை. உண்மை என்னவென்றால், தலைமுறை அப்படித்தான் பிளவுபட்டு நின்றது. ஒரே வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். வெவ்வேறு வாசல்களில் நின்றவர்களோ ஒருவரையொருவர் பகையாகப் பார்த்தார்கள்.

வேல்ராஜ் இயக்கிய 'வேலையில்லா பட்டதாரி' (2014) மக்கள் பெரிதும் விரும்பிய படம். தமிழகத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகள் 1984-ஐ ஒட்டித் தொடங்கி, ஐந்நூறைக் கடந்து பெருகியிருந்த நேரம் அது. கட்டடப் பொறியியல் படித்த ரகுவரன் தன் துறையிலேயே வேலை வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கிறான். தம்பிக்கு நல்ல சம்பளத்தில் வேலை. உணவு மேசையில் தந்தை ஒப்பிட்டுப் பேசும் பேச்சு அக்காலத்து வீடுகளின் நேரடிப் பதிவு. படத்தின் முற்பகுதியில் இந்த நேர்மை இருக்கிறது.

ஆனால் அவனுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது? தாய் இறக்கிறாள். தானமாக அளிக்கப்பட்ட அவள் நுரையீரலால் ஒரு பெண் உயிர் பிழைக்கிறாள். அப்பெண்ணின் தந்தை கட்டுமான நிறுவனத்தின் உரிமையாளர். நன்றிக்கடனாக வேலை வருகிறது. பட்டம் திறக்காத கதவைத் தாயின் மூச்சுப்பை திறக்கிறது! நெஞ்சை உருக்கும் காட்சிதான். ஆயினும் அதன் உட்பொருளை எண்ணினால் திகைப்பு உண்டாகும். கணினியும் கைப்பேசியும் வந்த பின்னரும், ஒரு முதலாளியின் முகத்துக்கும் ஓர் இளைஞனின் முகத்துக்கும் இடையே தனிப்பட்ட கடன் ஒன்று இருந்தாலன்றி வேலை இல்லை என்று படம் தன்னையும் அறியாமல் ஒப்புக்கொள்கிறது. சிபாரிசுக் கடிதம் போய், இரத்தமும் சதையுமான சிபாரிசு வந்திருக்கிறது. அப்படத்தில் எனக்கு மெய்யாகப் பட்ட இடம் வேறு. தொழிலாளர் தாக்கப்பட்டு வேலை நின்றுபோன நேரத்தில், வேலையற்ற பொறியியல் பட்டதாரிகள் திரண்டு வந்து கட்டடத் தளத்தில் கைகொடுக்கும் காட்சி அது. தனித்தனி அறைகளில் தனித்தனியே வெட்கிக் கிடந்தவர்கள், தாம் இத்தனை பேர் என்பதை அங்கே முதன்முதலாகக் காண்கிறார்கள். அடுத்த நொடியே கதை நாயகனின் வீரத்துக்குத் திரும்பிவிடுகிறது.

எழுதப்படாத வாசல்

அரசுப் பணிக்கான தேர்வுகளின் நிலையை இரண்டு செய்திகள் போதிய அளவு விளக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்ற நான்காம் தொகுதித் தேர்வுக்கு 2022-இல் 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. பின்னர் பத்தாயிரத்தைத் தாண்டின. ஜூலையில் எழுதிய தேர்வின் முடிவு அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்தது. இரண்டாவது, ஆசிரியர் பணி. பதிவு மூப்புக்கு மாற்றாகத் தகுதித் தேர்வு வந்தது. 2012-இல் நடந்த முதல் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பின்னர் தேறிய பலரும் பணிக்குக் காத்திருக்கையில், மேலும் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் அரசாணை வந்தது. தகுதி உண்டு என்று அரசே சான்றளித்தவரை மீண்டும் தகுதி காட்டச் சொன்னது அந்த ஆணை. பழைய பதிவேடும் அழிந்துவிடவில்லை. 2020-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் பதிந்து காத்திருந்தோர் 60 இலட்சத்துக்கு மேல்.

தேர்வு நியாயமானது, சிபாரிசைவிட ஆயிரம் மடங்கு நியாயமானது. முகம் பார்க்கப்படாமல் தேறி, குடும்பத்தில் முதல் ஆளாக அரசு அலுவலகத்தில் அமர்ந்தவர்கள் பல்லாயிரவர். அதை மறுப்பவன் ஆரோக்கியத்தின் காலத்துக்கே திரும்பச் சொல்பவன். ஆனால் தேர்வுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பதிவு அட்டையோடு காத்திருந்தவனை ஊர் 'பாவம், இன்னும் கூப்பிடவில்லை' என்றது. தேர்வில் தேறாதவனை 'இவன் படிக்கவில்லை' என்கிறது. இருநூறு பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் வெளியே நிற்பது கணிதம். எவ்வளவு படித்தாலும் அந்த எண் மாறாது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தம் தனிக்குற்றமாகச் சுமக்கிறார்கள். தனியார் துறையிலும் இதுவே நிலை. இணையத்தில் அனுப்பும் விண்ணப்பத்தை ஒரு மனிதர் படித்தாரா என்றுகூடத் தெரிவதில்லை. மறுப்புக் கடிதம் என்ற மரியாதையும் அருகிவிட்டது, மௌனமே மறுப்பு. புலிக்கலைஞனுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. இன்றைய இளைஞனுக்குக் கடிதமே எழுதப்படுவதில்லை. உள்ளே பணிபுரியும் ஒருவர் பரிந்துரைத்தால் வழி எளிதாகிறது என்பதும் எல்லாரும் அறிந்ததே. சிபாரிசு தன் பெயரை மாற்றிக்கொண்டு அலுவலக ஒழுங்கு ஆகிவிட்டது.

இந்த அனுபவத்தை இலக்கியமாக்கியவர் யார் என்று தேடினால் கை வெறுமையாகவே திரும்புகிறது. கணினித் துறையின் உள்வாழ்வை இரா. முருகனின் 'மூன்று விரல்' (2005), விநாயக முருகனின் 'ராஜீவ் காந்தி சாலை' (2013) முதலிய நாவல்கள் காட்டின. அவை உள்ளே நுழைந்தவர்களின் கதைகள். பயிற்சி மையத்தின் அருகில் அறையெடுத்து, நூலகத்தின் மர நிழலில் வினாத்தாள்களைத் திருப்பி, வயது வரம்பை ஆண்டுதோறும் எண்ணி, ஊர்த் திருவிழாவுக்குப் போகக் கூசும் முப்பது வயதுக்காரரின் கதைக்கு இன்னும் ஒரு 'மிதவை' கிடைக்கவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. பொதுத் துன்பத்தை எழுதுவது எளிது. அதற்குக் கேட்போர் உண்டு. தன் தோல்வி என்று நம்பவைக்கப்பட்ட துன்பத்தை எழுத, முதலில் அது தன் தோல்வி அன்று என்று உணர வேண்டும்.

இங்கேதான் பழைய படைப்புகளின் பயன் புலனாகிறது. இன்று வீடுகளில் நடக்கும் உரையாடலைக் கேளுங்கள். 'எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வேலை கிடைத்தது. உனக்கு இத்தனை வசதி செய்து தந்தும் முடியவில்லையா?' என்று தந்தை கேட்கிறார். மகனுக்குப் பதில் இல்லை. தந்தையின் நினைவில் கிடைத்த வேலை இருக்கிறது; காத்திருந்த ஆண்டுகள் கரைந்துவிட்டன. அவரே ரங்கனுக்குக் கைதட்டியவர். அவரே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்கப் பேருந்து ஏறியவர். அவர் தலைமுறைக்கு அன்று ஒரு நாவலும் ஒரு படமும் 'குற்றம் உன்னுடையதன்று' என்று சொல்லின. அந்தச் சொல்லை அவர் மகனுக்குக் கடத்தவில்லை. சொத்தைக் கடத்துகிறோம், சாதியைக் கடத்துகிறோம், பழமொழியைக் கடத்துகிறோம். பட்ட துன்பத்தின் நினைவை மட்டும் கடத்த மறந்துவிடுகிறோம்.

இலக்கியம் வேலை தராது. அதற்கு வேண்டிய கொள்கைகளை வகுப்பதும் அதன் தொழில் அன்று. ஆனால் பழி எங்கே விழ வேண்டும் என்பதை அது சரியாகக் காட்டும். 'சும்மா இருக்கிறான்' என்ற சொல்லுக்குள் புதைந்து கிடக்கும் உழைப்பை வெளியே எடுத்துக் காட்டும். அத்தகைய ஒரு நாவலை இத்தலைமுறையில் ஒருவர், ஒருவேளை தேர்வு மையத்தின் வாசலில் நிற்கும் ஒருவரே, எழுத வேண்டும். அது வரும்வரை, தந்தையர் தம் அலமாரியிலிருந்து 'மிதவை'யை எடுத்து ஒருமுறை தாம் படித்து, பிறகு பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். அறிவுரையைவிட அது உதவும்.